நம் ஊர் வானொலியும் உலகப் போட்டியும்

பாட்டை விரும்பாத மனிதர் உலகில் உண்டோ? ஏற்றம் இறைத்தவரும், நாற்று நட்டவரும், கடலில் வலை இழுத்தவரும், தொட்டிலை ஆட்டிய தாயும் பாட்டோடுதான் தம் உழைப்பின் களைப்பைத் தீர்த்துக்கொண்டனர். அன்று பாட்டைத் தேடி மனிதர் சென்றனர். திருவிழாப் பந்தலிலும் திருமண வீட்டிலும் காத்திருந்து கேட்டனர். இன்றோ மனிதரைத் தேடிப் பாட்டு வருகிறது. சட்டைப் பைக்குள் அடங்கும் கைப்பேசியில் கோடிக்கணக்கான பாடல்கள் காத்துக் கிடக்கின்றன. இந்த வசதி வந்தபின் நம் ஊர் வானொலி நிலையங்களின் கதி என்ன? அவை இணையத்திலும் இறங்கிப் போட்டியிடுகின்றனவே, அப்போட்டியில் அவை வெல்லுமா? வென்றால் யாருக்கு நன்மை? தோற்றால் யாருக்கு இழப்பு? இக்கேள்விகள் எங்கள் வீட்டுக்குள்ளேயே எழுந்தவை. ஆகவே அவற்றை இம்மலரில் என் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியில் உள்ளது. வீட்டில் பாட்டுக் கேட்பவர் மூவர். மூவரும் மூன்று விதம். முதலாமவர் என் ஆச்சி. சர்க்கரை நோயால் அவருடைய கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அவருக்கு உற்ற துணை, தலைமாட்டில் இருக்கும் பேட்டரி வானொலிப் பெட்டி. இரண்டாமவர் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன். அவன் காதில் எந்நேரமும் கருவி. அவனுக்கு எல்லாமே செயலிதான். மூன்றாமவர் என் அப்பா. அவர் ஆறு ஆண்டுகளாக மஸ்கட்டில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நமக்கு மாலை ஏழு மணி என்றால் அங்கே ஐந்தரை மணி. அந்நேரம் அவர் தம் கைப்பேசியில் அகில இந்திய வானொலியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியைத் திறந்து திருநெல்வேலி நிலையத்தைக் கேட்பார். அதே நேரத்தில் ஆச்சி இங்கே பெட்டியில் அதே நிலையத்தைக் கேட்பார். இடையிடையே தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். இணையத்தின் வழியே செல்லும் ஒலி சற்றுத் தாமதித்தே போய்ச் சேரும். ஆதலால் ஆச்சி பாட்டின் பல்லவியை முதலில் கேட்டுவிட்டு, "எய்யா, இப்போ உனக்குப் பிடிச்ச பாட்டு வருது பாரு" என்பார். அரை நிமிடம் கழித்து அங்கே அப்பா சிரிப்பது கேட்கும்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் கேட்டான்: "எந்தப் பாட்டு வேண்டுமானாலும் ஒரு நொடியில் கிடைக்கிறது. அப்படியிருக்க, யாரோ ஓர் அறிவிப்பாளர் எதைப் போடுவாரோ என்று ஏன் காத்திருக்க வேண்டும்? வானொலியின் காலம் முடிந்துவிட்டது." ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. தட்டைத் தடவிக்கொண்டு சாப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கு அண்ணனுக்குத் தக்க விடை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்காக நூலகத்திலும் கணினி அறையிலும் தேடியவற்றையும், ஆச்சியிடம் கேட்டறிந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

வானொலிகளுக்கிடையே பாட்டுப் போட்டி என்பது இன்று நேற்று வந்ததன்று. 1952-ஆம் ஆண்டு மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகியது; செவ்வியல் இசை பெருகியது. மக்கள் என்ன செய்தார்கள்? பெட்டியின் முள்ளை நகர்த்தி இலங்கைக்குப் போய்விட்டார்கள்! கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவை இந்தித் திரைப்பாடலை வட இந்தியாவுக்கும் தமிழ்த் திரைப்பாடலைத் தமிழகத்துக்கும் வாரி வழங்கியது. இழந்த நேயர்களை மீட்பதற்காகவே 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் விவித் பாரதி தொடங்கப்பட்டது. ஆள்வோர் விலக்கிய பாட்டை மக்கள் விலக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எங்கள் கடற்கரை ஊர்களுக்குக் கொழும்பு அதிகத் தொலைவு இல்லை. கடல்மேல் வரும் அலை தெளிவாகவே வரும். ஆச்சியின் இளம் வயதில் அவர்கள் தெருவில் இரண்டு வீடுகளில் மட்டுமே வானொலிப் பெட்டி இருந்ததாம். பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டிய காலம் அது. அந்த வீட்டுத் திண்ணையில் தெருவே கூடும். "இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்" என்று அறிவிப்பாளர் சொல்லும் தமிழ் கேட்டே தாம் நல்ல தமிழ் பேசக் கற்றதாக ஆச்சி சொல்வார். பி. எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது பார்வையில்லாத அவர் கண்களும் ஒளிரும். ஆச்சிக்கு நினைவிருப்பது எந்தெந்தப் பாட்டு ஒலித்தது என்பதன்று; அப்பாட்டைத் தந்த குரலும், திண்ணையில் பக்கத்தில் அமர்ந்து கேட்டவர்களுமே. இதை நன்கு குறித்துக்கொள்ளுங்கள் தோழியரே! என் விடையின் முதல் நூல் இங்கேதான் கிடைத்தது.

இரண்டாம் போட்டி பண்பலையில் நடந்தது. நம் நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையமான ரேடியோ சிட்டி 2001-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கியது. 2003-ஆம் ஆண்டு சென்னையில் சூரியன் எஃப்.எம்., ரேடியோ மிர்ச்சி ஆகியவை ஒலிக்கத் தொடங்கின. பிறகு எங்கள் தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கும் சூரியன் எஃப்.எம்., ஹலோ எஃப்.எம். ஆகியவை வந்தன. பேருந்திலும் தேநீர்க் கடையிலும் தையல் கடையிலும் அவற்றின் கலகலப்பே நிறைந்தது. ஆனால் இந்நிலையங்கள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மட்டும் எடுத்து அஞ்சல் செய்யலாம். ஆகவே அவற்றின் மூலதனம் பெரும்பாலும் பாட்டும் பேச்சுமே.

மூன்றாம் போட்டிதான் இன்றைய இணையப் போட்டி. அது அமெரிக்காவில் ஒரு மாணவர் வானொலியில் தொடங்கியது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வட கரோலினா மாநிலத்தின் சேப்பல் ஹில் நகரில், பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி. என்னும் நிலையம், 1994-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் தன் ஒலிபரப்பை இணையத்தில் அனுப்பியது. அவ்வாறு செய்த முதல் வானொலிகளில் அது ஒன்று. ஊர் எல்லைக்குள் அடைபட்டிருந்த குரல் உலகெங்கும் போயிற்று. ஆனால் அந்தக் கதவு இருபுறமும் திறக்கும் கதவு. நம் ஊர் வானொலி உலகுக்குப் போகலாம் என்றால், உலக வானொலிகள் அனைத்தும் நம் ஊருக்கும் வரலாம் அல்லவா? அதுவரை பக்கத்து நிலையம் மட்டுமே போட்டியாளர். அன்றுமுதல் உலகமே போட்டியாளர்.

இங்கே ஓர் அறிவியல் உண்மையையும் சொல்ல வேண்டும். ஒலிபரப்புக் கோபுரம் எங்கள் முயல் தீவுக் கலங்கரை விளக்கத்தைப் போன்றது. ஒரு தோணி பார்த்தாலும் ஆயிரம் தோணி பார்த்தாலும் விளக்குக்குச் செலவு ஒன்றுதான். இணையமோ தபால்காரரைப் போன்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் கடிதம் எடுத்துச் செல்ல வேண்டும். நேயர் கூடக் கூட நிலையத்துக்குச் செலவும் கூடும். கேட்பவரும் தம் கைப்பேசிக்குப் பணம் கட்ட வேண்டும். கோபுரத்தின் ஒலிக்கு ஏழையும் செல்வரும் ஒன்றே. இணையத்தின் ஒலி கட்டணம் செலுத்தியவருக்கு மட்டுமே.

செலவு இதோடு முடியவில்லை. பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. அவருக்கு உரிமத்தொகை தர வேண்டும். அமெரிக்காவில் கோபுர வானொலி, பாடலை இயற்றியவருக்கு மட்டும் பணம் தந்தால் போதும். இணையத்தில் ஒலிபரப்பினாலோ, பாடியவருக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் சேர்த்துத் தர வேண்டும். நம் நாட்டின் நிலை வேறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது 31-டி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி வானொலி நிலையம் முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயிக்கப்பட்ட தொகையைச் செலுத்தினால் போதும். ஒவ்வோர் இசை நிறுவனத்திடமும் பேரம் பேசாமல் பாட்டை ஒலிபரப்பலாம். இச்சலுகை தனக்கும் உண்டு என்று விங்க் என்னும் பாட்டுச் செயலி கூறியது. டிப்ஸ் என்னும் இசை நிறுவனம் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. இச்சலுகை இணையத்துக்குப் பொருந்தாது என்று 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதை உறுதி செய்தது. எனவே ஒரே பாட்டு கோபுரத்தில் ஏறினால் ஒரு நியாயம், இணையத்தில் ஏறினால் வேறொரு நியாயம். சிறிய நிலையம் பெரிய இசை நிறுவனங்களோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்ய எங்கே போகும்? பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் கூலி கிடைக்க வேண்டியதுதான், அதில் ஐயமில்லை. ஆயினும் சிறிய நிலையமும் பிழைக்க வழி இருக்க வேண்டுமன்றோ?

அப்படியானால் செயலிகளுக்கே வெற்றி என்று முடிவு கட்டலாமா? அதுவும் இல்லை. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. பல செயலிகள் கடும்போட்டியில் இறங்கின. நீதிமன்றத்தில் வழக்காடிய விங்க் செயலி 2024-இல் மூடப்பட்டது. கானா என்னும் புகழ்பெற்ற செயலியை மிர்ச்சி வானொலியை நடத்தும் நிறுவனமே 2023 இறுதியில் தன்வசம் ஆக்கிக்கொண்டது. வானொலியை விழுங்க வந்தது செயலி என்றார்கள். ஓரிடத்தில் செயலியே வானொலியின் வீட்டுக்குள் அடைக்கலம் புகுந்தது! காலத்தின் விந்தையை என்னென்பது!

இப்போட்டியில் தலைநிமிர்ந்து நிற்கும் ஒரு நிலையத்தைப் பற்றி அறிந்தபோது எனக்கு மிகுந்த நம்பிக்கை பிறந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள கே.இ.எக்ஸ்.பி. நிலையம் 1972-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலியாகப் பிறந்தது. 2001-இல் இன்றைய பெயரைப் பெற்றது. நேயர்களின் நன்கொடையே அதற்கு முக்கிய ஆதாரம். அங்கே எந்தப் பாட்டைப் போடுவது என்பதைப் பொறி முடிவு செய்வதில்லை. நிகழ்ச்சி நடத்துபவரே தேர்ந்தெடுக்கிறார். ஊரின் இளம் இசைக் குழுக்களைத் தம் நிலையத்துக்கே வரவழைத்துப் பாடச் செய்து, அதைப் படம்பிடித்து யூடியூபில் வெளியிடுகிறார்கள். உலகெங்கும் மக்கள் அதைப் பார்க்கிறார்கள். 2024-இல் சான்பிரான்சிஸ்கோ பகுதியிலும் அந்நிலையம் ஓர் அலைவரிசை பெற்று ஒலிக்கத் தொடங்கியது. உலகத்தோடு போட்டியிட அது உலகத்தைப் போல வேடம் போடவில்லை. தன் ஊராகவே இருந்து வென்றது.

என் விடையின் இரண்டாம் நூல் இது. பாட்டு எங்கும் கிடைக்கும் பண்டம் ஆகிவிட்டது. ஆகவே பாட்டை மட்டும் வைத்து எந்த நிலையமும் பிழைக்க முடியாது. ஆனால் "இன்று துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது, மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட எந்தச் செயலிக்குத் தெரியும்? பாம்பனில் மீனவ மக்களுக்காக 2016-இல் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலி அந்த மக்களின் தொழிலையும் பாட்டையும் அவர்கள் பேசும் தமிழிலேயே தருகிறது. அதற்கு எந்த ஊர்ச் செயலி போட்டியாக வர முடியும்?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாட்களில் எங்கள் மாவட்டத்தை மூழ்கடித்த பெருமழையை யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் போயிற்று. கைப்பேசியில் கோபுரக் குறி மறைந்தது, இணையமும் மறைந்தது. அண்ணனின் கைப்பேசி வெறும் கைவிளக்கு ஆயிற்று. பிறகு அதுவும் அணைந்தது. மஸ்கட்டில் அப்பா எங்கள் நிலை தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார் என்பதே அம்மாவின் பெருங்கவலை. அந்த இருட்டில் ஆச்சிதான், "ஏட்டி, என் பெட்டியை எடு" என்றார். இருட்டு அவருக்குப் புதிதல்லவே! விரல்களால் குமிழைத் தடவித் திருகினார். இரைச்சலுக்கு நடுவே ஒரு நிலையத்தின் செய்தி தெளிவாக வந்தது. எந்தச் சாலை துண்டிக்கப்பட்டது, அணையிலிருந்து எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது என்றெல்லாம் கேட்டோம். அக்கம்பக்கத்து வீட்டார் நால்வர் எங்கள் மாடிப்படியில் வந்து அமர்ந்தனர். செய்தி முடிந்ததும் ஒரு பழைய பாட்டு ஒலித்தது. யாரும் பெட்டியை அணைக்கச் சொல்லவில்லை. ஆச்சி சொன்ன அந்தப் பழைய திண்ணை எங்கள் மாடிப்படிக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது.

இதை அரசும் உணர்ந்திருக்கிறது. பல கைப்பேசிகளின் உள்ளே பண்பலை வாங்கும் வசதி இருந்தும் அது முடக்கப்பட்டே விற்கப்படுகிறது. இணையம் இல்லாமலே வானொலி கேட்கும் அவ்வசதியைத் திறந்துவிட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு மத்திய அரசு கைப்பேசி தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர்க் காலமும் ஏழை எளியோரின் நலமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

ஆனால் உலகின் போக்கு வேறு திசையிலும் செல்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் விரும்பிக் கேட்ட பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 1941-இல் தொடங்கி, 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு நின்றது. இணையத்தில் மட்டும் அந்நிறுவனத்தின் தமிழ்ப் பணி தொடர்கிறது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31-ஆம் நாளோடு பண்பலையை நிறுத்தியது. அதனால் நேயர் பலரை இழந்தது. நம் நாட்டிலும் பழைய மத்திய அலை, சிற்றலைப் பரப்பிகள் பல ஓய்வு பெற்றுவிட்டன. கேட்போர் இணையத்துக்குப் போய்விட்டார்கள், கோபுரத்துக்கு ஏன் வீண் செலவு என்று கணக்குப் பார்ப்போர் கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு எங்கள் வீட்டையே விடையாக நிறுத்துவேன். இணையம் இல்லையேல் மஸ்கட்டிலிருக்கும் என் அப்பாவுக்குத் திருநெல்வேலி நிலையம் இல்லை. கோபுரம் இல்லையேல் என் ஆச்சிக்கு அது இல்லை. வழுவழுப்பான கண்ணாடித் திரையில் எங்கே விரல் வைப்பது என்று பார்வையற்றவருக்கு எப்படித் தெரியும்? திருகினால் பேசும் குமிழ்தான் அவருக்கு வேண்டும். ஒன்றை மூடி மற்றொன்றைத் திறந்தால், வெள்ளிக்கிழமை மாலையில் அரை நிமிட இடைவெளியில் ஒரே பாட்டைக் கேட்டு மகிழும் தாயும் மகனும் பிரிந்துபோவார்கள். கோபுரமும் வேண்டும், இணையமும் வேண்டும். ஒன்று ஊரில் இருப்பவருக்கு. மற்றொன்று ஊரைப் பிரிந்தவருக்கு. இரண்டு கைகளில் எதை வெட்டுவது என்று கேட்பவர் உண்டோ?

இதையெல்லாம் ஒருநாள் அண்ணனிடம் சொன்னேன். அவன் தன் கட்சியை முழுவதும் விட்டுவிடவில்லை. "சரி, ஆனால் நம் ஊர் நிலையங்களும் எல்லா ஊரிலும் கேட்கும் அதே பத்துப் பாட்டைத்தானே திரும்பத் திரும்பப் போடுகின்றன?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. செயலி செய்வதையே வானொலியும் செய்தால் செயலியே அதை நன்றாகச் செய்யும். நம் நிலையங்கள் தம்மிடம் மட்டுமே உள்ளதைத் தர வேண்டும். உப்பளத்தில் பாடும் பெண்களின் பாட்டு, திருவிழா நாடகப் பாட்டு, பள்ளி மாணவியரின் சேர்ந்திசை, ஊர்ப் புலவரின் சொல், வில்லுப்பாட்டு - இவற்றை ஒலிப்பதிவு செய்து கோபுரத்திலும் தரலாம், இணையத்திலும் ஏற்றலாம். இவை நம் மக்களின் சொந்தச் சொத்து. உலகப் போட்டியில் இவற்றுக்கு இணை இல்லை.

நிலையங்களுக்கு அறிவுரை கூறினால் மட்டும் போதுமா? நமக்கும் கடமை உண்டு. அகில இந்திய வானொலியின் 'இளையபாரதம்' நம் போன்ற இளைஞர்களுக்கென்றே உள்ள நிகழ்ச்சி. நாம் அதில் பங்குபெற முயலலாம். நல்ல நிகழ்ச்சியைக் கேட்டால் நான்கு வரி எழுதி நிலையத்துக்கு அனுப்பலாம். 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கல்வி நிறுவனம் நடத்தும் நாட்டின் முதல் சமுதாய வானொலி தொடங்கியது. அதன்பின் எத்தனையோ கல்லூரிகளில் மாணவியரே அறிவிப்பாளராகவும் தொழில்நுட்பராகவும் பணியாற்றும் நிலையங்கள் தோன்றியுள்ளன. நாளை நாமும் அங்கே ஒலிவாங்கியின் முன் அமரலாம். நம்மில் ஒருத்தியின் குரல், எங்கோ ஒரு வீட்டில் பார்வையற்ற ஒரு மூதாட்டிக்குத் துணையாகலாம். எங்கோ ஒரு பாலைவன நகரில் வேலை செய்யும் ஒரு தந்தைக்கு ஊரின் மணத்தைக் கொண்டு சேர்க்கலாம்.

அன்புத் தோழியரே! பாட்டைக் கொடுக்கப் பொறிகள் போதும். பாட்டோடு உறவைக் கொடுக்க மனிதர் வேண்டும். அந்த மனிதக் குரல் நம் ஊரின் காற்றிலும், கடல் கடந்து செல்லும் இணையத்திலும் என்றென்றும் ஒலிக்க நாமும் நம்மால் ஆனதைச் செய்வோமாக!

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி